மணியோசை எட்டாத வீடுகளிற் கல்வி

காலை ஏழு மணியானதும் நம் நாட்டின் எந்த வீதியிலும் வெள்ளைச் சீருடை அணிந்த சிறுவர் சிறுமியர் சாரிசாரியாகச் செல்வதைக் காணலாம். யாழ்ப்பாணத்துக் குடியிருப்பாயினும், மலைநாட்டுத் தோட்டமாயினும், மட்டக்களப்பு வாவிக்கரைச் சிற்றூராயினும், நடந்தோ சைக்கிளிலோ பஸ்ஸிலோ சென்று சேரத்தக்க தூரத்தில் ஏதோ ஒரு பாடசாலை இருக்கும். 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகள் கல்வி கற்றே ஆகவேண்டும் என்று சட்டமும் விதிக்கிறது. ஆகவே, பாடசாலையே இல்லாத இடத்தில், ஊர் என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு தனி வீட்டில், பெற்றோர் தம் பிள்ளைக்கு எவ்வாறு கல்வி புகட்டுவர் என்னும் வினா நம்மவர் மனத்தில் இலகுவில் எழுவதில்லை.

எழுந்த காலமும் ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொரோனா நோயின் காரணமாக, இலங்கையின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபொழுது ஒவ்வொரு வீடும் திடீரெனப் பாடசாலையாக வேண்டியிருந்தது. தொலைக்காட்சியிற் பாடங்கள் வந்தன, கைத்தொலைபேசியிலும் வந்தன. ஊவாப் பகுதியில் அலைத்தொடர்பு கிட்டாத கிராமத்துப் பிள்ளைகள், பாடத்தைப் பெறுவதற்காகக் குன்றின்மேல் ஏறிப் பாறைகளிற் குந்தியிருந்த படங்களைப் பத்திரிகைகளிற் கண்டோர் பலர். கருவி இல்லாத வீடுகள் கருவிக்கு ஏங்கின. கருவி இருந்த வீடுகளிலோ வேறொரு குறை தோன்றியது. பாடம் வந்தது, ஆனால் பிள்ளை அதன் முன் இருக்கவில்லை. இருந்தாலும் அதன் மனம் அங்கே இருக்கவில்லை. வீட்டிலே கல்வி தொடங்குவதற்கு முதலில் வேண்டியது எது என்பதை அப்பொழுது பல பெற்றோர் தாமாகவே கண்டுபிடிக்க வேண்டியவராயினர்.

இந்த வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிய நாடு ஒன்று உண்டு. அது அவுஸ்திரேலியா. அந்நாட்டின் கரையோர நகரங்களை விட்டு உள்ளே சென்றால், செம்மண்ணும் முட்புதரும் நிறைந்த பரந்த வெளி. அங்கே மாட்டுப் பண்ணைகள் உள்ளன. பண்ணை என்றதும் வேலி அடைத்த பத்து ஏக்கர்க் காணியை நினைத்துவிடலாகாது. தென் அவுஸ்திரேலியாவிலுள்ள ‘அனா கிறீக்’ என்னும் பண்ணை ஒன்றே இலங்கைத் தீவின் காற்பங்குக்குச் சற்றுக் குறைந்த பரப்புடையது. அத்தகைய பண்ணையின் நடுவே ஒரு வீடு. அதைச் சூழ வேலையாட்களின் கொட்டில்கள் சில. அடுத்த வீட்டுக்குப் போவதென்றால் அரை நாட் பயணம். மழை பெய்தால் அதுவுமில்லை. அவ்வீட்டில் ஆறு வயதுப் பிள்ளையொன்று எழுத்தறிவிக்கக் காத்திருக்கிறது.

முதலில் அவர்கள் நம்பியது தபாலை. 1914ஆம் ஆண்டில் விக்ரோறியா மாநிலத்து ஒற்வே மலைக்காட்டிற் குடியேறிய ஒருவர், தம் பிள்ளைகளுக்குப் பாடசாலை எட்டவில்லையே எனக் கல்வித் திணைக்களத்துக்கு முறையிட்டார். அப்பொழுது ஆசிரியர் கலாசாலையிற் பயின்றுகொண்டிருந்தோர் பாடங்களை எழுதித் தபாலில் அனுப்பலாயினர். இரண்டொரு பிள்ளைக்கெனத் தொடங்கிய அக்காரியம் சில ஆண்டுகளுக்குள் ஏனைய மாநிலங்களுக்கும் பரவித் தபால்வழிப் பாடசாலைகளாக வளர்ந்தது. 1922இல் நியூசிலாந்தும் அவ்வழியைப் பின்பற்றியது. பாடத்தாள் செல்லும், விடைத்தாள் வரும், திருத்தம் மீண்டும் செல்லும். தபால் வண்டி இருவாரத்துக்கொரு முறை வரும் இடத்தில், ஒரு கணக்கிற் செய்த பிழையைப் பிள்ளை அறிந்துகொள்ள ஒரு மாதம் ஆகலாம். அதற்குள் அந்தக் கணக்கையே மறந்திருக்கும்!

தபாலிலே குரல் இல்லை என்பது அடுத்த குறை. 1940களின் நடுப்பகுதியில் அடிலெயிட் மீத்கே என்னும் அம்மையார் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகருக்குச் சென்றிருந்தார். தென் அவுஸ்திரேலியாவிற் பாடசாலைப் பரிசோதகராகப் பல்லாண்டு பணிபுரிந்தவர் அவர். பண்ணைகளிலிருந்து வந்த பிள்ளைகள் அந்நியரைக் கண்டாற் கூசி ஒதுங்குவதையும், பேசவேண்டிய இடத்தில் வாய் திறவாதிருப்பதையும் அவர் கவனித்தார். எழுத்தும் எண்ணும் தெரிந்தும் சகபிள்ளை ஒன்றின் குரலைக் கேட்டறியாத குழந்தைகள்! இப்பிள்ளைகளை ஒருவரோடொருவர் பேசவைக்க வழியில்லையா என்று அவர் சிந்தித்தபொழுது, வழி அங்கேயே ஆயத்தமாக இருந்தது.

அவ்வழி அமைந்த வரலாறு வானொலி நேயர்களுக்குச் சுவையூட்டக்கூடியது. நோயுற்ற பண்ணைவாசிகளுக்கு விமானத்தில் வைத்தியரை அனுப்பும் சேவையை ஜோன் பிளின் என்னும் பாதிரியார் 1928இல் தொடங்கினார். வைத்தியரை அழைப்பதற்குத் தந்தி வேண்டும். பண்ணையிலோ மின்சாரமே இல்லை. அல்பிரட் றெய்கர் என்னும் பொறியியலாளர் இதற்கொரு தீர்வு கண்டார். சைக்கிள் மிதிப்பதுபோற் காலால் மிதித்தால் மின்சாரம் பிறக்கும். அம்மின்சாரத்தாற் சிறியதொரு வானொலிக் கருவி இயங்கும். 1929 முதல் இக்கருவிகள் பண்ணை வீடுகளுக்குச் சென்றன. பின்னர் மிதிக்கும் தொல்லை நீங்கி மின்கல அடுக்குகளால் இயங்கும் கருவிகள் வந்தன. வைத்திய அழைப்புகளும் தந்திகளும் ஓய்ந்த நேரத்தில் பண்ணைப் பெண்கள் இக்கருவி வழியே ஒருவரோடொருவர் அளவளாவுவதுண்டு. ஓயாது கத்தும் கிளியினப் பறவையொன்றின் பெயரால் அந்நேரத்துக்குக் ‘கலா அமர்வு’ என்று கேலியாகப் பெயரிட்டிருந்தனர். பெயரிட்டோர் ஆடவராகத்தான் இருத்தல் வேண்டும்.

அந்தக் கருவியையே கல்விக்கும் பயன்படுத்தலாம் என்றார் மீத்கே அம்மையார். 1951ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆம் திகதி அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரில் ‘வான்வழிப் பாடசாலை’ முறைப்படி தொடக்கி வைக்கப்பட்டது. வாரத்திற் சில அரைமணி நேரமே அப்பொழுது பாடம். ஆசிரியை நகரத்தில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுவார்; பல நூறு கிலோமீற்றர் தூரத்திற் சிதறியிருக்கும் வீடுகளிற் பிள்ளைகள் கேட்பர். தொடக்கத்தில் ஆசிரியை பேசுவதாகவே பாடங்கள் அமைந்தன. விரைவில் வினா விடைக்கும் நேரம் ஒதுக்கப்பட்டது. ஒரே அலைவரிசை ஆதலால் ஒரு வேளையில் ஒருவரே பேசலாம். பிள்ளை பொத்தானை அழுத்திக்கொண்டு பேசி, முடிந்ததும் ‘ஓவர்’ என்று சொல்லிப் பொத்தானை விடவேண்டும். தன் முறை வரும்வரை காத்திருத்தலும், பிறர் பேசுகையிற் குறுக்கிடாதிருத்தலும் அப்பிள்ளைகளுக்கு எவரும் தனியே போதிக்காமல் வாய்த்த பழக்கங்கள். கோடையில் இடிமின்னற் காலங்களில் இரைச்சலே மிகும். ஆசிரியையின் குரல் கிணற்றினுள்ளிருந்து வருவதுபோல் ஏறியிறங்கும்.

இன்று அப்பாடசாலை ஏறத்தாழ 13 இலட்சம் சதுர கிலோமீற்றர்ப் பரப்பிலுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. இலங்கையைப்போல் இருபது மடங்கு பரப்பு அது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் சிற்றலை வானொலி விடைபெற்று, செய்மதி வழியான இணையத்தொடர்பு அதன் இடத்தைப் பிடித்தது. 2015இலும் 2016இலும் ஏவப்பட்ட இரு செய்மதிகளுக்கு ‘ஸ்கை மஸ்ரர்’ என்று பெயர். ‘மஸ்ரர்’ என்பது பரந்த வெளியில் மேயும் மாடுகளை ஓரிடத்தில் திரட்டும் பண்ணைத் தொழிலைக் குறிக்கும் சொல். அப்பெயரைச் சூட்டியது பண்ணையொன்றில் வளர்ந்த ஆறு வயதுச் சிறுமி.

இவ்வளவும் கேட்டவர், வானொலியோ செய்மதியோ இருந்துவிட்டால் வீட்டிற் கல்வி நடந்துவிடும் போலும் என்று எண்ணக்கூடும். அங்கேதான் தவறு நேர்கிறது. ஆசிரியை அலைவழியே பேசும் நேரம் நாளொன்றுக்கு அரைமணி அல்லது ஒரு மணி. எஞ்சிய நான்கைந்து மணி நேரமும் பிள்ளையின் பக்கத்தில் இருப்பவர் யார்? அவரே அப்பாடசாலையின் உண்மையான ஆசிரியர். அவுஸ்திரேலியர் அவரை ‘வீட்டு ஆசிரியர்’ என்றே அழைக்கின்றனர். பெரும்பாலான வீடுகளில் அவர் தாய். வசதியுள்ள வீடுகளில் நகரத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்து ஓராண்டு ஈராண்டு தங்கிப் படிப்பிப்பாள். அவளும் பயிற்சி பெற்ற ஆசிரியையாக இருப்பது அருமை. ஆகவே கல்வித் திணைக்களம் பிள்ளைக்கு அனுப்பும் பாடத்தோடு வீட்டு ஆசிரியருக்கும் ஒரு குறிப்பு அனுப்புகிறது. இந்தச் சொல்லை இவ்வாறு உச்சரித்துக் காட்டுக. இந்தக் கணக்குக்குக் கூழாங்கற்களைப் பயன்படுத்துக. பிள்ளை களைத்தால் நிறுத்துக என்றவாறு அக்குறிப்புகள் அமையும். வீட்டு ஆசிரியர்களை நகரத்துக்கு அழைத்துச் சில நாட் பயிற்சி அளிப்பதும் வழக்கம்.

ஆதலின், வீட்டிற் கல்வி தொடங்க எண்ணும் குடும்பம் முதலிற் செய்யவேண்டிய கணக்கு பணக்கணக்கன்று, ஆட்கணக்கு. காலை எட்டரை மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை வேறு வேலையின்றிப் பிள்ளையோடு இருக்கக்கூடியவர் எவர்? பண்ணைத் தாய்க்கு இது எளிதான காரியமன்று. கணவனுக்கும் வேலையாட்களுக்கும் சமைப்பவள் அவளே; கணக்குப் புத்தகம் எழுதுபவளும், கோழிகளுக்குத் தீனி வைப்பவளும் அவளே. மூத்த பிள்ளைக்குப் பின்னக்கணக்கு, அடுத்ததற்கு நெடுங்கணக்கு, கடைக்குட்டி மேசைக்குக் கீழே. அவள் நோயுற்றாற் பாடசாலைக்கு விடுமுறை. மழை பொய்த்து மாடுகள் மெலியும் ஆண்டில் வீட்டோடு தங்கும் ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றி அவளை அனுப்பிவிட்டுத் தானே பலகையின் முன் நிற்கும் தாய்மார் பலர். இத்தகைய பெற்றோர் 1971இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பேர்க் நகரில் ஒன்றுகூடி, தனித்து வாழும் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் ஒன்றை அமைத்தனர். அரசாங்கம் உதவிப்பணம் வழங்கத் தொடங்கியது அதன் பின்னரே. இன்று தகுந்த பாடசாலை 56 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால் ஒரு குடும்பம் அவ்வுதவிக்கு உரித்துடையதாகும். பாடசாலைக்கு 16 கிலோமீற்றரும் பஸ் வரும் இடத்துக்கு நாலரைக் கிலோமீற்றரும் இருந்தாலும் போதும்.

இம்முறையின் பெருங்குறையும் இங்கேயே உள்ளது. எழுதப் படிக்கத் தெரிந்த, ஆங்கிலம் பேசும் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்ற எண்ணத்தின்மேலேயே இக்கட்டடம் எழுப்பப்பட்டது. தொடக்க காலத்தில் இதனாற் பயன்பெற்றோர் பெரும்பாலும் பண்ணை உரிமையாளர், மேற்பார்வையாளர் ஆகியோரின் பிள்ளைகள். அதே பண்ணைகளில் மாடு மேய்த்த ஆதிக்குடி மக்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியே வேறு. பெற்றோர்க்குப் பள்ளிக்கூடமே எட்டியதில்லை. அலை அவர்களின் கொட்டிலுக்கு மேலேயும் சென்றது. ஆனால் அதை ஏந்திக்கொள்ள அங்கே கதிரையும் இல்லை, கருவியும் இல்லை. இக்காலத்தில் அப்பிள்ளைகள் சிலரும் இப்பாடசாலைகளிற் சேர்ந்துள்ளனர். ஆயினும், கல்லாத தாய் தன் பிள்ளைக்கு எவ்வாறு வீட்டு ஆசிரியராவாள் என்னும் வினா முற்றாகத் தீரவில்லை. நம் நாட்டிலும் 2020, 2021ஆம் ஆண்டுகளில் மிகவும் பின்தங்கியோர் இத்தகைய வீட்டுப் பிள்ளைகளே என்பது ஆசிரியர்கள் பலரும் நேரிற் கண்ட உண்மை.

ஆள் கிடைத்தபின் இடம். தனி அறை சிறப்பு. இயலாவிடில் விறாந்தையின் ஒரு மூலை போதும். ஆனால் அந்த மூலை பாடத்துக்கே உரியதாதல் வேண்டும். உணவு மேசையில் நடக்கும் பள்ளிக்கூடம் சோறு வரும்பொழுது கலைந்துவிடும். பிள்ளையின் உயரத்துக்கேற்ற கதிரை, கால் தரையில் ஊன்றும்படி; இடப்புறத்திலிருந்து வெளிச்சம்; சுவரில் ஒரு கரும்பலகை, ஒரு தேசப்படம், ஒரு நாட்காட்டி. கூடுமானால் ஒரு மணிக்கூடு. வீட்டு உடையை மாற்றித் தலை வாரிக்கொண்டு அந்த இடத்துக்கு வருதல் வீண் சடங்கன்று. பத்து அடி நடப்பதே அப்பிள்ளைக்குப் பாடசாலை செல்லும் பயணம். அம்மா என்பவள் அப்பொழுது அந்தப் பத்து அடிக்கு அப்பால் வேறொருத்தியாகிறாள். பாடத்திற் பிழைவிட்ட கோபத்தைச் சோற்றுத் தட்டுவரை கொண்டுவராத தாய்க்கு இந்த எல்லை பெருந்துணை. கற்பிப்பதிலுள்ள கடினம் யாவற்றிலும் இதுவே கடினமானது போலும். சொந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லமாட்டாமல் அயல்வீட்டு ஆசிரியரிடம் அனுப்பும் ஆசிரியர்கள் நம்மிடையேயும் உண்டல்லவா?

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது சிறிது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே பாடம் ஆகாது. வகுப்பில் முப்பது பேரோடு ஐந்து மணி நேரத்திற் கற்பதை, தனியே இருந்து கற்கும் சிறுபிள்ளை அதனிலும் குறைந்த நேரத்திற் கற்றுவிடும். இதை அறியாத பெற்றோர் பாடம் முடிந்தும் பிள்ளையைப் பிடித்து வைத்துப் பகைமை தேடிக்கொள்கின்றனர். ஆனால் தொடங்கும் வேளை மாறலாகாது. பண்ணையில் மாடு திரட்டும் பருவம் வந்தால், குதிரையேறத் தெரிந்த பத்து வயதுப் பையனை அறையில் இருத்துவது தகப்பனுக்கே மனமில்லாத காரியம். விவேகமுள்ள குடும்பங்கள் அப்பருவத்துக்கு ஏற்ப விடியற்காலையிற் பாடத்தை முடித்துவிடுகின்றன. அல்லது திரட்டிய மாடுகளை எண்ணும் வேலையையே கணக்குப் பாடமாக்கிவிடுகின்றன.

புத்தகம், கொப்பி, தாள், வண்ணக்கட்டி முதலியவற்றைப் பெறுவது இன்று பெரும் பாடன்று. வாசிகசாலைகள் தபால்மூலம் நூல்களை இரவல் அனுப்புகின்றன. வட பகுதியில் மாரிகாலத்து வெள்ளம் பாதைகளை வாரக்கணக்கில் மூடிவிடுமாதலால், ஒரு பருவத்துக்கு வேண்டியவற்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது அவ்விடத்து வழக்கம்.

சட்டத்தையும் குடும்பம் அறிந்திருத்தல் அவசியம். வான்வழிப் பாடசாலையிற் சேர்ந்த பிள்ளை ஒரு பாடசாலையின் மாணவனே. பாடத்திட்டமும் திருத்தமும் பாடசாலையின் பொறுப்பு. பெற்றோரே முழுப் பொறுப்பையும் ஏற்று, தாமே பாடத்திட்டம் வகுத்துக் கற்பிப்பது வேறு. அதற்கு அவுஸ்திரேலிய மாநிலங்களிற் பதிவு செய்தல் வேண்டும். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்கு ஒழுங்காகப் பாடசாலை செல்வதன் மூலமோ ‘வேறு வகையிலோ’ தகுந்த கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்றது. ‘வேறு வகையில்’ என்ற அந்த ஒரு சொல்லையே வாசலாகக் கொண்டு அந்நாட்டில் வீட்டுக் கல்வி நடைபெறுகிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அச்சொல்லை நீக்கவில்லை. எவ்வழியாயினும், பிள்ளை செய்த வேலையைத் திகதியிட்டுச் சேர்த்து வைக்கும் பழக்கம் முதல் நாளிலேயே தொடங்கவேண்டும். அதிகாரி கேட்பார் என்பதற்காக மட்டுமன்று. ஆறு மாதத்துக்கு முன் எழுதிய கோணல் எழுத்தைத் திருப்பிப் பார்க்கும்பொழுதுதான், ஒன்றும் நடக்கவில்லையே என்று சோர்ந்திருக்கும் தாய்க்கு நடந்தது புலப்படும்.

துணையைப் பற்றி மீத்கே அம்மையார் கவலைப்பட்டதை அப்பாடசாலைகள் மறக்கவில்லை. ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பண்ணை பண்ணையாகச் சென்று மாணவரை வீட்டிலேயே காண்கின்றனர். ஒரு மாணவனைப் பார்ப்பதற்கு முழுநாளும் வண்டியோட்டும் ஆசிரியர்களும் உளர். ஆண்டில் சில தடவை பிள்ளைகள் யாவரும் நகரத்துக்கு வந்து ஒரு வாரம் ஒன்றாகக் கற்று, ஓடியாடி, நீந்தி விளையாடுகின்றனர். மாதக்கணக்காகக் குரலால் மட்டும் அறிந்த தோழனை, வானொலிக் காலத்துப் பிள்ளை அங்கேதான் முதன்முதல் முகத்தாற் கண்டது. குரலைக் கேட்டு நெட்டையன் என்று எண்ணியவன் குட்டையனாக இருப்பான். முதல் நாள் முழுவதும் அவர்கள் விலகி நின்று ஒருவரையொருவர் பார்த்திருப்பர். மறுநாள் பிரிக்க முடியாது. வீட்டில் தனியே கற்கும் எந்தப் பிள்ளைக்கும், அது நகரத்தின் நடுவில் வாழ்ந்தாலும்கூட, இத்தகைய ஏற்பாட்டைப் பெற்றோர் முதலிலேயே செய்துகொள்ளல் வேண்டும். அயலிலுள்ள இரண்டு மூன்று பிள்ளைகள் வாரத்தில் ஒருநாள் கூடினாலும் போதும்.

பன்னிரண்டு வயதளவில் இவ்வீட்டுப் பாடசாலைகளின் காலம் பெரும்பாலும் முடிகிறது. இரசாயனமும் அட்சரகணிதமும் தாயின் கைக்கு எட்டாதவையாகின்றன. பிள்ளை தொலைதூர நகரத்திலுள்ள விடுதிப் பாடசாலைக்குப் புறப்படுகிறது. ஆறேழு ஆண்டுகள் நாள்தோறும் தாயும் ஆசிரியையுமாக அருகில் இருந்தவளுக்கு அப்பிரிவு, பிள்ளையை மட்டுமன்றி மாணவனையும் அனுப்பும் பிரிவு. மறுநாட் காலை எட்டரை மணிக்கு அவள் விறாந்தை மூலைக்கு வருகிறாள். மேசைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்த கடைக்குட்டி, தலை வாரிக்கொண்டு, தமையனின் கதிரையில் ஏறி அமர்ந்திருக்கிறது. கால் இன்னும் தரைக்கு எட்டவில்லை; கீழே ஒரு பலகை வைக்கவேண்டும்.